பாடாங் மேஹாவில் கறுப்புப் புள்ளிகள்

“புழு எப்படி உயிர் பிழைக்கிறது என்று பார்க்க வந்திருக்கிறேன்” என்று நான் சொன்னதும், சூசை அண்ணன் வேனைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, திரும்பி என்னை முழுதாகப் பார்த்தார்.

“டீச்சர், அதை எப்படிக் கொல்றதுன்னு தெரியாம நாங்க முழிச்சிக்கிட்டு இருக்கோம். அது எப்படிப் பொழைக்குதுன்னு பாக்க நீங்க பிளேன் ஏறி வந்திருக்கீங்களா?”

பினாங்குப் பாலத்தைத் தாண்டி குலிம் போகும் சாலையில் இருந்தோம். நான் விமானத்திலிருந்து இறங்கி அதிக நேரம் ஆகவில்லை. என் ஆராய்ச்சியை இவ்வளவு சுருக்கமாக யாரும் குறுக்கு விசாரணை செய்ததில்லை. பொள்ளாச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தருகிறேன். பூச்சியின் உடலுக்குள் கிருமி நுழைந்தால் அதை அந்த உடல் எப்படி அடையாளம் காண்கிறது, எப்படி எதிர்க்கிறது என்பதுதான் என் பாடம். “பூச்சிக்கு ஜலதோஷம் பிடித்தால் கஷாயம் வைத்துக் கொடுப்பாள்” என்று என் கணவர் விருந்தாளிகளிடம் என்னை அறிமுகப்படுத்துவது வழக்கம்.

விஷயம் இதுதான். எங்கள் ஊர்த் தென்னையைக் குடையும் காண்டாமிருக வண்டு, மலேசியாவின் கெடா மாநிலத்தில் செம்பனையை, அதாவது எண்ணெய்ப்பனையை, குடைகிறது. அதே வண்டு, அதே கொம்பு. அதன் புழுவைக் கொல்ல ஒரு பச்சைப் பூஞ்சை இருக்கிறது, பவுடராகக் கிடைக்கும். ஆனால் பாடாங் மேஹாவில் ஒரு நிலத்தில் மட்டும் புழுக்கள் அந்தப் பவுடருக்குச் சாகவில்லை என்று செமிலிங் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்க்கும் என் மின்னஞ்சல் தோழி ஹஸ்லினா எழுதியிருந்தாள். “எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டதோ என்னவோ. விடுமுறையில் வந்து ரத்தம் எடுத்துப் பாரேன்.” நிலத்துக்காரர்கள் சூசை அண்ணனும் அவர் மனைவி மேரி அக்காவும். தங்குவதும் அவர்கள் வீட்டிலேயே.

வேன் மறுபடி கிளம்பியது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன் அது. இருக்கைக்கு இருக்கை மிட்டாய்க் காகிதம். பின்கதவு சரியாகப் பூட்டாது என்பதால் கயிற்றால் கட்டியிருந்தார். வழி முழுக்க அவர் ஒரு தடவைகூட ஹார்ன் அடிக்கவில்லை. வேலை செய்யவில்லையா என்று கேட்டேன். “செய்யும். ஆனா இங்க ஹார்ன் அடிச்சா திட்டுன மாதிரி” என்றார். எங்கள் ஊரில் அது வணக்கம் சொன்ன மாதிரி என்றேன். நம்பவில்லை.

குலிமுக்கு வெளியே ஒரு கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தார். நம் பரோட்டாவின் தம்பி என்று நினைத்தேன், சொல்லவும் செய்தேன். பக்கத்து மேசையில் இருந்தவர் சட்டென்று திரும்பினார். “தம்பி இல்ல. இங்க வந்து முன்னேறிட்ட அண்ணன்” என்று சொல்லிவிட்டுத் தன் தட்டுக்குத் திரும்பிக்கொண்டார். சாப்பிட்டுப் பார்த்தபின் இன்னொன்று கேட்டு வாங்கினேன். தேநீர்தான் ஆளை அடித்தது. சர்க்கரை வேண்டாம் என்று சொன்னேன், போடவும் இல்லை. கெட்டிப்பாலில் இருக்கும் சர்க்கரை கணக்கில் சேராது போலிருக்கிறது.

மேரி அக்கா வாசலில் கைலியும் டீ-ஷர்ட்டுமாக நின்றிருந்தார். “வாங்க டீச்சர். ரொட்டி வாங்கிக் குடுத்தாரா? அது சாப்பாடு இல்ல லா. உள்ள வாங்க” என்று நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார். மீன் குழம்பு, மிளகாய் அரைத்த சம்பால், வெண்டைக்காய். இரண்டாவது முறை சோறு வைத்தபோது தடுத்த என் கையைத் தட்டிவிட்டார்.

சாப்பிட்டதும் நிலத்தைச் சுற்றிக் காட்டினார்கள். பழைய செம்பனையை வெட்டிவிட்டுப் புதிதாக நட்டிருந்தார்கள். இடுப்பளவு வளர்ந்த கன்றுகள். வெட்டிய மரங்களைத் துண்டாக்கி ஓரத்தில் குவித்திருந்தார்கள். அந்த மக்கும் குவியலில்தான் வண்டு முட்டை வைக்கும், புழு வளரும். வளர்ந்த வண்டு பறந்துபோய் இளங்கன்றின் குருத்தைக் குடையும். விரிந்த ஓலைகள் கத்தரிக்கோலால் வெட்டிய காகித விசிறி போல இருந்தன. ஒரு கன்றின் முன் சூசை அண்ணன் நின்றார். அதன் நடுக்குருத்து மஞ்சளாகி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மெதுவாக இழுத்தார். கையோடு வந்துவிட்டது.

“இது போச்சு” என்றார். அவர் குரலில் கேலி இல்லாமல் கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா தோட்டத்திலும் அவர் லாரியிலும் உழைத்த காலமெல்லாம் சேர்த்த பணத்தில் இருவரும் வாங்கிய நிலம் இது ஒன்றுதான்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு இன்னொன்றும் புரிந்தது. கணவனும் மனைவியும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. பேச வேண்டியதை என்னிடம் சொன்னார்கள்.

“டீச்சர், உங்க அக்காகிட்ட சொல்லுங்க. பக்கத்து ஊரு கரங்கான்ல மருந்தடிக்கிற தம்பி ஒருத்தன் இருக்கான். குருத்துல விஷ மருந்து அடிச்சா வண்டு கிட்ட வராது.”

“டீச்சர், உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க. விஷம் அடிச்சா என் தேனீயும் கிட்ட வராது. எங்கயுமே வராது.”

மூவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

தேனீ என்று அவர் சொன்னது, ரம்புத்தான் மரத்தடியில் வரிசையாக வைத்திருந்த கெலுலுட் கூடுகளை. நம் ஊரில் கொசுத்தேனீ என்போமே, கொடுக்கு இல்லாதது, அதன் உறவு. தேன் புளிப்பாக இருக்கும். மேரி அக்காவுக்கு அவை மேல் அலாதிப் பிரியம். போன மாதம் ஒரு சிறு வண்டு கூட்டுக்குள் புகுந்துவிட்டதாம். தேனீக்கள் கொட்ட முடியாமல், அதன் மேல் மரப்பிசினைப் பூசிப் பூசி, உயிரோடு அசையவிடாமல் மூடிவிட்டனவாம். “கொடுக்கு இல்லன்னா என்ன, மூளை இருக்குல்ல” என்று சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் பார்த்தார். அவர் வானத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலையிலேயே குவியலைக் கிளறினோம். மேரி அக்கா கிளறினார், நான் பொறுக்கினேன், சூசை அண்ணன் கருத்துச் சொன்னார். கட்டைவிரல் தடிமனில் வெள்ளைப் புழுக்கள், பாதி வளையல் போலச் சுருண்டு கிடந்தன. ஒன்றை உள்ளங்கையில் வைத்து மேரி அக்கா என்னிடம் நீட்டினார். முகத்தில் பரீட்சையில் தேறிய களை.

“கறுப்புப் புள்ளி பாத்தீங்களா? பவுடர் போட்டப்புறம்தான் வந்துச்சு. எல்லாத்துக்கும் இருக்கு. வியாதி பிடிச்சிருச்சு. இவருக்குத்தான் பொறுமை இல்ல.”

பார்த்தேன். தோலில் மிளகைத் தட்டித் தூவியது போலக் கறுப்புப் புள்ளிகள். “ம்” என்று மட்டும் சொன்னேன்.

சமையலறை மேசையில் தினசரித் தாளை விரித்து என் சின்ன நுண்ணோக்கியை வைத்தேன். ஊசியால் லேசாகக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தேன். பூச்சி ரத்தம் சிவப்பாக இருக்காது; வெளிறிய மஞ்சள். கண்ணாடித் தகட்டில் வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே அது பழுப்பாகி, கறுத்தது. மேரி அக்கா எட்டிப் பார்த்தார். “கத்தரிக்காய நறுக்கி வச்ச மாதிரி இல்ல இருக்கு!”

ஏறக்குறைய அதேதான். நறுக்கிய காய் கறுக்கும் அதே வகை ரசாயன வேலை புழுவின் ரத்தத்திலும் நடக்கிறது. ஆனால் புழு அதை ஆயுதமாக வைத்திருக்கிறது. நமக்கு இருப்பது போல ஒவ்வொரு கிருமிக்கும் தனித்தனியாக எதிர்ப்பொருள் செய்யும் வசதி பூச்சிக்கு இல்லை. அதற்குப் பதில், அதன் ரத்தத்தில் சில புரதங்கள் காவல் சுற்றுகின்றன. பூஞ்சையின் சுவரில் ஒரு வகைச் சர்க்கரை உண்டு, பூச்சியின் உடம்பில் எங்கும் இல்லாதது. அது தட்டுப்பட்டதும் காவல் புரதம் ஒட்டிக்கொள்கிறது. ஒன்று அடுத்ததை எழுப்ப, அது அடுத்ததை எழுப்ப, செய்தி பரவுகிறது. ரத்த அணுக்கள் ஓடி வந்து பூஞ்சையை அடுக்கடுக்காகச் சுற்றி மூடுகின்றன. மூடியது கறுத்து இறுகுகிறது. உள்ளே இருப்பது மூச்சுவிட முடியாமலும், அந்தக் கறுப்பு உண்டாகும்போது வரும் நச்சிலும் சாகிறது. இதற்கிடையில் கொழுப்புத் திசு பூஞ்சையைக் கொல்லும் சிறு புரதங்களைச் செய்து ரத்தத்தில் கலக்கிறது.

அதாவது, கறுப்புப் புள்ளி புழுவின் வியாதி இல்லை. புழுவின் வெற்றி.

நுண்ணோக்கியில் அது சந்தேகமில்லாமல் தெரிந்தது. கறுத்த சின்னச் சின்ன முடிச்சுகள், சுற்றிலும் வெங்காயத் தோல் போல அணுக்கள். புழு சாப்பிட்டுக் கொழுத்து நன்றாகவே இருந்தது. ஆராய்ச்சிக்காரியாக நான் துள்ளியிருக்க வேண்டும். நான் தேடி வந்ததே இதைத்தான். ஆனால் எதிரில் மேரி அக்கா எனக்காகப் பலாப்பழம் உரித்துக்கொண்டிருந்தார். அன்று முழுவதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. “இன்னும் பார்க்கணும்” என்றேன். பலாப்பழத்தை மட்டும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் மதியச் சாப்பாட்டில் சூசை அண்ணனே கேட்டுவிட்டார். “என்ன டீச்சர், உங்க பேஷண்ட் எப்படி இருக்கு?”

இனி ஒளிக்க முடியாது. சொன்னேன். கறுப்புப் புள்ளி என்றால் என்ன என்று, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

சூசை அண்ணன் மேசையைத் தட்டினார். “நான் சொன்னேன்ல! சனிக்கிழமை தம்பி வரட்டும்.” அவர் நேராக மனைவியிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மேரி அக்கா கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, இரண்டு கைகளையும் மேசை மேல் விரித்து வைத்தார். நகங்கள் தடித்து, மஞ்சளாகி, சில வளைந்து வளர்ந்திருந்தன. நான் முதல் நாளே பார்த்திருந்தேன், கேட்கத் தயங்கினேன்.

“தோட்டத்துல புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை, டீச்சர். கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சது. முதுகுல டாங்கி, மருந்து முதுகுல வடியும். கையுறை குடுப்பாங்க, ஓட்டையா இருக்கும். மூக்குல ரத்தம் வரும், தொடைச்சிட்டு அடுத்த வரிசைக்குப் போவோம்.” பிறகு கணவர் பக்கம் திரும்பினார். “நீங்க லாரி எடுத்துக்கிட்டு ஜோகூர் போயிருப்பீங்க. நீங்க வரதுக்குள்ள நான் ரெண்டு தடவை குளிச்சிடுவேன். அதனால உங்களுக்கு அந்த வாசம் தெரியாது. என் சொந்த நிலத்துல அந்த வாசம் வரக் கூடாது. அவ்ளோதான்.”

சூசை அண்ணன் தட்டில் இருந்த மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினார்.

“அப்ப கன்னு எல்லாம் சாகட்டும்ங்கறியா?”

“சாகட்டும்னு நான் சொல்லல.”

“டீச்சர் ஊருக்குப் போற வரைக்கும் பாக்குறேன்” என்றார் கடைசியில். “அதுக்குள்ள புழு சாகலன்னா, தம்பி வருவான்.”

என் ஆராய்ச்சிப் பயணத்துக்கு இப்படி ஒரு நாள் குறிக்கப்படும் என்று நான் நினைக்கவில்லை.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. புழு அவ்வளவு பலசாலியா, அல்லது பவுடர் அவ்வளவு நோஞ்சானா? பூஞ்சை வித்து உயிரோடிருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது; முளைக்கவைத்துப் பார்க்க வேண்டும். பவுடரில் ஒரு பொட்டலத்தையும் ஒரு டப்பாப் புழுக்களையும் எடுத்துக்கொண்டு ஹஸ்லினாவைப் பார்க்க நானும் சூசை அண்ணனும் செமிலிங்குக்குக் கிளம்பினோம்.

சுங்கைப் பட்டாணி வரைக்கும் நல்ல மழை. ஒரு வளைவில் பின்கதவின் கயிறு அவிழ்ந்தது. கதவு திறந்துகொள்ள, சூசை அண்ணன் பிரேக் போட, டப்பா உருண்டு மூடி தனியாகப் போனது. ஒரு பெட்ரோல் பங்கில் ஒதுங்கினோம். நானும் அவரும் முழங்காலிட்டு இருக்கைகளுக்கு அடியில் புழுவைத் தேடினோம். பெட்ரோல் போடும் மலாய் இளைஞர் குனிந்து பார்த்து, “மீன் பிடிக்கவா அங்கிள்?” என்றார்.

“இல்ல. இவங்க டாக்டர். இதுங்க பேஷண்டு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்” என்றார் சூசை அண்ணன், மலாயில், முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல். இளைஞர் மரியாதையாகப் பின்வாங்கினார்.

ஒன்று மட்டும் கிடைக்கவே இல்லை. திங்கட்கிழமை காலை மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி அதைக் கண்டுபிடித்தாள் என்பதை, வேனிலிருந்து கேட்ட அலறலை வைத்துப் பிறகு தெரிந்துகொண்டோம்.

ஹஸ்லினா நான் நினைத்ததைவிடக் குள்ளம், நினைத்ததைவிட வேகம். பவுடரைத் தட்டில் விதைத்துக்கொண்டே பேசினாள். நாளைக்குத் தகவல் சொல்கிறேன் என்றாள். புதிதாக வளர்த்த பூஞ்சையில் கொஞ்சம் கொடுத்தாள். குவியலுக்குள் கலப்பதால் தேனீக்களுக்குப் பெரிய ஆபத்து இல்லை என்று சூசை அண்ணனிடம் மலாயில் விளக்கினாள். “அதை என் வீட்டுக்காரிகிட்ட சொல்லுங்க” என்றார் அவர். யாரிடமும் நேராக எதையும் சொல்வதில்லை என்று விரதம் போலிருக்கிறது.

மறுநாள் ஹஸ்லினா கூப்பிட்டாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். தட்டில் அனேகமாக எதுவுமே முளைக்கவில்லை. “நீ கடல் தாண்டித் தேடி வந்த வீரன், பிணத்தோடு சண்டை போட்டு ஜெயித்திருக்கிறான்!”

செத்த வித்தின் சுவரிலும் அந்தச் சர்க்கரை இருக்கும். புழுவின் காவல் புரதங்களுக்கு உயிருள்ளது, செத்தது என்ற பேதம் தெரியாது. சர்க்கரை தட்டுப்பட்டால் மணி அடித்துவிடும். செத்தவற்றையும், மிச்சமிருந்த அரைகுறை உயிர்களையும் புழுக்கள் சாவகாசமாகச் சுற்றி மூடியிருக்கின்றன. ஒரு தடவை இப்படிப் பழகிய பூச்சி அடுத்த தடவை இன்னும் உஷாராக இருக்கும் என்பதற்குச் சில இனங்களில் ஆதாரம் உண்டு. இந்தப் புழுவில் உண்டா என்று எனக்குத் தெரியாது. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“அக்கா, இத்தனை நாளும் நீங்கள் புழுவுக்குத் தடுப்பூசி போட்டிருக்கிறீர்கள்.”

மேரி அக்கா இடுப்பில் கை வைத்தார். “பவுடர எங்க வச்சிருந்தீங்க?” இந்த முறை கேள்வி நேராகக் கணவருக்கே.

“கொட்டகைல. மேல, தகரத்துக்குக் கீழ.”

“தகரத்துக்குக் கீழயா! அங்க முட்டைய வச்சா வெந்துடும் லா!”

“நான் குளிர்பெட்டிலதான் வச்சேன். மீன் பக்கத்துல பூஞ்சைய வைக்கிறாரு மனுஷன்னு நீதான் தூக்கி வெளிய வச்ச.”

“வெளிய வச்சேன். வேக வைக்கவா சொன்னேன்?”

சண்டை வெகுநேரம் நடந்தது. எனக்கு அதில் எந்த வேலையும் இல்லாமல் போனதால், நிம்மதியாகத் தேநீர் போட்டுக் குடித்தேன்.

இனி சோதனை. இரண்டு வாளிகளில் மக்கிய மரத்தூளை நிரப்பி, ஒன்றில் பழைய பவுடரும் மற்றதில் புதியதும் கலந்து, பவுடர் படாத ஒரு குவியலில் எடுத்த, புள்ளி இல்லாத புழுக்களைச் சம எண்ணிக்கையில் விட்டோம். வாளிகள் நிழலில், வராந்தாவின் மூலையில். அதற்குப் பிறகு காத்திருப்பதுதான். பூஞ்சைக்கு அவசரம் கிடையாது.

காத்திருந்த நாட்களில் என்னை ஊர் சுற்றிக் காட்டினார்கள். ஞாயிறு குலிம் தேவாலயத்தில் பூசைக்குப் போனோம். தமிழ்ப் பாட்டு, ஊரில் கேட்பதைவிட ஒரு மாத்திரை மெதுவாக. கரங்கானில் லக்சா சாப்பிட்டேன். மீன் சாறு, புளிப்பு, மேலே வெள்ளரி, வெங்காயம், புதினா. சேவையை ரசத்தில் போட்டது போல என்று நான் ஒப்பிட்டதை மேரி அக்கா கடைக்காரம்மாவிடம் மலாயில் மொழிபெயர்த்தார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே இன்னொரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். “ரசம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் பாவம், இதுவரை இந்தப் பெண்ணுக்கு நல்ல லக்சா கிடைக்கவில்லை” என்றாராம்.

அதே கரங்கானில்தான் மருந்தடிக்கும் தம்பியையும் பார்த்தோம். கடைக்கு எதிரில் மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருந்தார். நல்ல மரியாதையான பையன். “அங்கிள், எப்ப வரணும்?” என்று கேட்டார். சூசை அண்ணன் “சொல்றேன்பா” என்றார். மேரி அக்கா லக்சாவைக் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

வீடு திரும்பியதும் அவர் நேராக வாளிகளிடம் போனார். தினமும் அதுதான். பழைய பவுடர் வாளியில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன, புழுக்கள் ஜோராகத் தின்றன. புதிய வாளியில் ஆரம்பத்தில் ஒன்றிரண்டு புள்ளி வந்ததோடு சரி. பிறகு எதுவுமே இல்லை. வழவழவென்று வெள்ளையாக இருந்தன.

“இதுல ஒண்ணுமே நடக்கல, டீச்சர்.”

“நடக்கிறது அக்கா. அதனால்தான் எதுவும் தெரியவில்லை.”

உயிருள்ள பூஞ்சை தோலைத் துளைத்து ரத்தத்துக்குள் போனதும் வேஷம் மாற்றிக்கொள்ளும். தன் சுவரின் மேல் ஒரு மெல்லிய புரதச் சட்டையைப் போர்த்திக்கொள்கிறது. அடியில் இருக்கும் சர்க்கரை வெளியே தெரியாது. காவல் புரதம் பக்கத்தில் வந்தாலும் தட்டுப்படாமல் போய்விடும். மணி அடிக்காது, அணுக்கள் ஓடி வராது, எதுவும் கறுக்காது. பூஞ்சை உள்ளேயே சாப்பிட்டு, பெருகி, நஞ்சைச் சுரக்கும்; ஒருநாள் புழு அசைவற்றுப்போகும்.

சூசை அண்ணன் கவனமாகக் கேட்டார். “கல்யாண வீட்டுல யாருன்னே தெரியாதவன், நல்ல சட்டை போட்டுக்கிட்டு முதல் பந்தில உக்காந்து சாப்புடுவான். மாப்பிள்ளை வீடுன்னு பொண்ணு வீட்டுல நெனப்பாங்க, பொண்ணு வீடுன்னு மாப்பிள்ளை வீட்டுல நெனப்பாங்க.”

என் மாணவர்களுக்கு இதைவிட நன்றாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுத்த பருவத்தில் அவர் பெயரைச் சொல்லாமல் இதைப் பயன்படுத்தப்போகிறேன்.

வார்த்தைக்கு வார்த்தை தைரியம் சொன்னாலும் எனக்கும் பயம்தான். நான் புறப்படும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் நான் புழுவின் கட்சி. அதன் காவல் புரதங்கள் எதையாவது கண்டுபிடித்துவிட்டால் ஆய்வகத்தில் தனியாகச் சந்தோஷப்படுகிறவள். இங்கே, காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வாளிக்குள் தலையை விட்டு, “செத்துத் தொலையேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரு காலை, மேரி அக்கா சத்தம் போட்டுக் கூப்பிட்டார். புதிய வாளியில் சில புழுக்கள் அசையவில்லை. தொட்டால் விறைப்பாக இருந்தன. அதற்கடுத்த நாட்களில் இன்னும் பல. செத்தவற்றின் மேல் முதலில் பஞ்சு போல வெள்ளை படர்ந்தது, பிறகு அந்த வெள்ளை பாசிப்பச்சை ஆனது. மேரி அக்கா ஒன்றைக் குச்சியில் தூக்கிப் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். “பாவம், அதுக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டு மறுபடி வாளியில் வைத்தார்.

நான் புறப்படுவதற்கு முந்தின நாள் வாளிகளில் இருந்த மரத்தூள் முழுவதையும் சாக்கின் மேல் கொட்டிப் பார்த்தோம். பழைய வாளியில் எல்லாம் சௌக்கியம். புதிய வாளியில் எல்லாம் பச்சையோ விறைப்போ. ஒன்றைத் தவிர.

அது நன்றாகவே உயிரோடு இருந்தது. கொழுகொழுவென்று, சுறுசுறுப்பாக, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளிகளோடு. உயிருள்ள, வீரியமுள்ள பூஞ்சை சட்டை மாற்றிக்கொள்வதற்கு முன்பே அடையாளம் கண்டு அடித்திருக்கிறது. எப்படி? எதை வைத்து? நான் தேடி வந்தது இது! “அதைத் தொடாதீர்கள், ஊசி எடுத்து வருகிறேன்” என்று உள்ளே ஓடினேன். ஊசி பெட்டிக்கு அடியில், கண்ணாடித் தகடுகள் புடவைக்கு நடுவில். எல்லாவற்றையும் வாரிக்கொண்டு திரும்பி வந்தால், சாக்கின் மேல் புழு இல்லை. பக்கத்தில் ஒரு பழுப்புக் கோழி அலகைத் தரையில் துடைத்துக்கொண்டிருந்தது.

“அக்கா! அந்தப் புழு?”

“அது உயிரோட இருந்துச்சு, டீச்சர். அதான் கோழிக்குப் போட்டுட்டேன்.”

“தொடாதீர்கள் என்று சொன்னேனே!”

“கையால தொடல. குச்சியாலதான் தள்ளிவிட்டேன்.” என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. “பொழைச்சது ஒண்ணு போதாதா டீச்சர், மறுபடி வண்டுக் குடும்பம் நடத்த? வேணும்னா இந்தக் கோழிய அடிச்சு இன்னைக்கே குழம்பு வைக்கிறேன். உள்ள தேடிப் பாருங்க.”

சூசை அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருமல் வரும் வரைக்கும் சிரித்தார். மேரி அக்கா அடக்கிப் பார்த்து, முடியாமல், தானும் சேர்ந்துகொண்டார். நான் ஊசியும் தகடுமாக நின்றேன். தோற்றுப்போன புழுக்களின் ரத்தம் என்னிடம் நிறைய இருக்கிறது. ஜெயித்த ஒன்றின் ரத்தம் கெடா மாநிலத்துக் கோழி ஒன்றுக்குள் போய்விட்டது. கடைசியில் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹஸ்லினாவிடம் இதை எப்படிச் சொல்வது என்ற யோசனை அதற்குப் பிறகுதான் வந்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் சூசை அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தார். ரம்புத்தான் மரத்தடிக்கு நடந்துபோய், தேனீக் கூடுகளுக்குப் பக்கத்தில் நின்று பேசினார். மெதுவாகப் பேசுவதாக அவருக்கு நினைப்பு. லாரி ஓட்டியவர் குரல். எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

“தம்பி, நீ வர வேணாம்பா... இல்ல, வண்டு இன்னும் இருக்கு. புதுப் பூஞ்சைய குவியல்ல போட்டுப் பாப்போம்... இல்லப்பா, விலையால எல்லாம் இல்ல. அந்த வாசம் என் வீட்டுக்காரிக்கு ஆகாது. ஆமா. ரொம்ப நாளாவே ஆகாது. எனக்குத்தான் தெரியல.”

மேரி அக்கா எதுவும் கேட்காதவர் போல, கோழியை வராந்தாவிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார். கோழி எப்போதோ போய்விட்டிருந்தது.